பிரதோஷத்தன்று சார்ஜில் போடுங்கள்



கார்த்திகை நெருங்குகிறது. திருவண்ணாமலைப் பக்கம் வயரிங் வேலை பார்க்கும் நம் வாசகர்களுக்கு இனி ராத்தூக்கம் கிடையாது. கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாள் உற்சவம்; பத்தாம் நாள் மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகாதீபம். அதற்குள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் டியூப் லைட்டும் சீரியல் செட்டும் கட்டியாக வேண்டும். அன்னதானப் பந்தலுக்கு லைன், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார், மைக் செட்டுக்கு ஜெனரேட்டர், கரும்புச் சாறு வண்டிக்கு ஒரு பிளக் பாயின்ட் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள்.

இந்த மும்முரத்துக்கு நடுவிலும் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோர விளக்குகளுக்கு லைன் இழுத்துக் கொடுப்பவர். அவர் கேட்பது இதுதான்: “மல்டிமீட்டர், டாங் டெஸ்டர், மெகர் மூன்றுக்கும் செல் வாங்கி மாளவில்லை. சார்ஜ் செய்கிற செல் போடலாம் என்றால், ‘அது 1.2 வோல்ட்தான், ரீடிங் தப்பாகக் காட்டும்’ என்கிறார் கடைக்காரர். போடலாமா, கூடாதா?”

தபாலில் இரண்டு வரி பதில் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஐ.டி.ஐ. மாணவர்கள் கேட்கிறார்கள், சோலார் பேனல் மாட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கத்தை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போடலாம். எந்தக் கருவிக்கு எந்த செல், எப்போது சார்ஜ் செய்வது, எப்போது கழற்றி வைப்பது என்று தெரிந்துகொண்டு போட்டால் தைரியமாகப் போடலாம். தெரியாமல் போட்டால் உயிருக்கே உலை வைக்கும். இரண்டையும் விவரமாகப் பார்ப்போம்.

அதற்கு முன், கடிதம் வந்த ஊரைக் கொஞ்சம் பார்ப்போம். அடி அண்ணாமலை, மலைக்கு மேற்கே இருக்கிறது. ராஜகோபுரத்திலிருந்து கிளம்பியவர்கள் இந்திர லிங்கம் முதல் வருண லிங்கம் வரை ஐந்து லிங்கங்களைக் கும்பிட்டுவிட்டு, வாயு லிங்கத்துக்குப் போகும் வழியில் இந்த ஊருக்குள் நுழைகிறார்கள். பிரம்மா வழிபட்டதாகச் சொல்லப்படும் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கே இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலமாகப் போற்றப்படும் இடமும் இதுதான். கால் வலிக்கத் தொடங்கும் இடம் என்பதால் ஜனங்கள் உட்காருவதும், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று இளைப்பாறுவதும் இங்கே அதிகம்.

கிரிவலம் வருகிறவர்களில் பெரும்பாலோர் செருப்பு போடுவதில்லை. கார்த்திகையோ வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழை திருவண்ணாமலையை என்ன பாடு படுத்தியது என்பதும், டிசம்பர் 1-ஆம் தேதி வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் ஏழு உயிர்கள் போனதும் நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. அவ்வளவு பெரிய மழை வேண்டாம். ஒரு தூறல் போதும், பாதை முழுக்க ஈரம். ஈரத் தரை, வெறுங்கால், கைக்கெட்டும் தூரத்தில் இரும்புக் கம்பம், அந்தக் கம்பத்தில் கட்டிய 230 வோல்ட் லைன். 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கு உடம்பில் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடும். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை ஒவ்வொரு பந்தலுக்கும் போடச் சொல்லி இந்தப் பத்திரிகையில் ஓயாமல் எழுதி வருகிறோம்.

இங்கே எர்த் பிடித்திருக்கிறதா, கம்பத்தில் லீக்கேஜ் இருக்கிறதா, போன வருஷத்து ஒயரில் இன்சுலேஷன் இன்னும் தாங்குமா என்பதையெல்லாம் வயர்மேன் கையில் இருக்கும் மீட்டர்தான் சொல்லியாக வேண்டும். அது சொல்வதை நம்பித்தான் அவர் “சரி, ஆன் பண்ணுங்க” என்கிறார். அந்த மீட்டர் ஓடுவது இரண்டு செல்லிலோ ஒரு சதுர பேட்டரியிலோதான். ஆகவே செல் விஷயம் சில்லறைச் செலவு விஷயமாக இங்கே நிற்பதில்லை. வெறுங்காலோடு நடந்து வரும் லட்சக்கணக்கான ஜனங்களின் பாதுகாப்பில் அதுவும் சேர்த்தி.

செல் இறங்கினால் மீட்டர் என்ன செய்யும்? எல்லோரிடமும் இருக்கும் மஞ்சள் நிற 830 வகை மல்டிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. உள்ளே இருப்பது 7106 என்ற பழைய ஐ.சி.யின் வழிவந்த சுற்று. வெளியிலிருந்து வரும் வோல்டேஜை, தனக்குள் வைத்திருக்கும் ஒரு நிலையான வோல்டேஜோடு ஒப்பிட்டு எண்ணாகக் காட்டுவதுதான் அதன் வேலை. பேட்டரி 7 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை அந்த உள்வோல்டேஜ் நிலையாக நிற்கும். அதற்குக் கீழே போனால் அதுவும் சேர்ந்து இறங்கும். ஒப்பிடும் அளவே குறைந்துவிட்டால், அளக்கப்படும் பொருள் பெரிதாகத் தெரியத்தானே செய்யும்? 230 வோல்ட் இருக்கும் இடத்தில் 250, 260 என்று காட்டும். லோ-பேட்டரி அடையாளம் மூலையில் சின்னதாக வந்திருக்கும். வெயிலில், அவசரத்தில் கண்ணில் படாது.

கூடுதலாகக் காட்டினால் வயர்மேன் உஷாராகிவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். ஒயரைத் தொடாமலே, கிட்டே கொண்டுபோனாலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டர் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. உள்ளே இரண்டு சின்ன செல். செல் தீர்ந்தால் விளக்கும் எரியாது, சத்தமும் வராது. லைனில் கரண்ட் இல்லாதபோதும் அதே மௌனம்தான். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய வழியே இல்லை.

மெகருக்கு வேறு கதை. 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிஷம் பிடித்தால் குறைந்தது 1 மெகா ஓம் இன்சுலேஷன் இருக்க வேண்டும் என்பது வீடு, கடை வயரிங்குக்கு நம் நாட்டில் நெடுநாளாக உள்ள விதி. செல்லின் சில வோல்ட்டை 500 வோல்ட்டாக உயர்த்தி, அதை ஒரு நிமிஷம் தாங்கிப் பிடிப்பது கனமான வேலை. பலமிழந்த செல்லால் அது முடியாது. 500 வோல்ட் வராமல் எடுத்த ரீடிங்கை நம்பி ஒரு பந்தலுக்கு லைன் கொடுக்கக் கூடாது.

முந்தைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆவோ மீட்டர் என்று மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பிரிட்டன் தபால் துறையில் இன்ஜினீயராக இருந்த டொனால்ட் மெக்காடி, ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று கருவிகளைச் சுமந்து அலுத்துப்போய் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. அந்த முள் மீட்டரில் வோல்ட், ஆம்பியர் பார்க்க செல்லே வேண்டாம். ஓம் பார்க்க மட்டும்தான் செல். ஓம் பார்க்கும் முன் இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொடவைத்து, குமிழைத் திருகி முள்ளை ஜீரோவுக்குக் கொண்டுவர வேண்டும். வரவில்லை என்றால் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆக, ஒவ்வொரு முறை ஓம் பார்க்கும்போதும் செல்லும் சோதனைக்கு உள்ளாகிவிடும். கையால் சுற்றும் பழைய மெகரில் உள்ளேயே ஒரு சின்ன ஜெனரேட்டர். அதற்கும் செல் கிடையாது. டிஜிட்டல் வந்ததும் குமிழ் போயிற்று, கைப்பிடி போயிற்று. கூடவே, அளப்பதற்கு முன் கருவியைச் சோதிக்கும் வழக்கமும் நம்மில் பலரிடமிருந்து போய்விட்டது.

இப்போது கடைக்காரர் சொன்ன 1.2 வோல்ட்டுக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை. சாதாரண ஆல்கலைன் செல்லில் 1.5 வோல்ட் என்றும், சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் 1.2 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். நான்கு செல் போடும் மெகரில் ஒன்று 6 வோல்ட் தரும், மற்றது 4.8 வோல்ட். பார்த்த உடனே “பற்றாது” என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த 1.5 என்பது புத்தம்புது ஆல்கலைன் செல்லின் கணக்கு. பயன்படுத்தத் தொடங்கியதும் அது படிப்படியாக இறங்கும். 1.4, 1.3, 1.2 என்று வந்து, 0.9 வோல்ட்டில் முழுக்கத் தீரும். 1.2 வோல்ட்டைத் தொடும்போது அதற்குள் இருக்கும் சக்தியில் பாதி சுமாருக்கு மிச்சம் இருக்கும். ஆகவே ஆல்கலைன் செல்லுக்கென்று ஒழுங்காக வடிவமைத்த எந்த மீட்டரும் செல்லுக்கு 1.2 வோல்ட்டுக்குக் கீழேயும் சரியாக ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் பாதி செல்லை வீசி எறிய நேரும். நிக்கல் செல் முழு சார்ஜில் 1.4-ல் தொடங்கி, சீக்கிரமே 1.3, 1.2-க்கு வந்து, தன் ஆயுளில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். அதனால் நல்ல கம்பெனி மீட்டரில் நிக்கல் செல் போட்டால் ரீடிங் தப்பாகக் காட்டாது. கருவிக் கையேட்டில் நிக்கல் செல் போடலாம் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

கடைக்காரர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். ஆல்கலைன் செல் சரிவில் இறங்குவது போல மெதுவாக இறங்கும். நிக்கல் செல் சமதரையில் நடந்து வந்து விளிம்பில் சட்டென்று விழும். மீட்டரில் இருக்கும் பேட்டரி அளவுகோல் ஆல்கலைனை நினைத்துப் போட்டது. நிக்கல் செல் போட்டால் முதல் நாளே “பாதிதான் இருக்கிறது” என்று காட்டும், வாரக்கணக்கில் அதையே காட்டும், பிறகு ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்துபோகும். பந்தலுக்குள் நிற்கும்போது அது நடந்தால் என்ன செய்வது? மாற்று செட் ஒன்று பையில் இருக்க வேண்டும். நிக்கல் செல் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு செட் என்பது கட்டாயம்.

முள் மீட்டர் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் 1.2 வோல்ட் செல் போட்டால் ஓம் ரேஞ்சில் முள் ஜீரோவுக்கு வராமல் போகலாம். அதற்கு ஆல்கலைனே சரி.

9 வோல்ட் சதுர பேட்டரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சார்ஜ் செய்யும் சதுர பேட்டரிகள் பலவற்றில் “9 வோல்ட்” என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். உள்ளே ஆறு நிக்கல் செல் இருந்தால் அது 7.2 வோல்ட், ஏழு இருந்தால் 8.4 வோல்ட். முன்னே சொன்ன 7 வோல்ட் எல்லையை இதோடு சேர்த்துப் பாருங்கள். 7.2 வோல்ட் பேட்டரியை 830 வகை மீட்டரில் போட்டால் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறோம். மீட்டருக்கு 8.4 வோல்ட்தான் வாங்க வேண்டும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. இந்த மீட்டர் எடுப்பது 1, 2 மில்லி ஆம்பியர்தான். ஒரு நல்ல ஆல்கலைன் சதுர பேட்டரியில் 500 மில்லி ஆம்பியர்-மணி சுமாருக்கு இருக்கும்; நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். சார்ஜ் செய்யும் சதுர பேட்டரியில் 200 சுமாருக்குத்தான் இருக்கும். எப்போதாவது எடுத்துப் பார்க்கும் மல்டிமீட்டருக்கு சார்ஜ் பேட்டரி வாங்குவதில் லாபம் இல்லை.

அப்படியானால் எதற்கு லாபம்? கரண்ட்டை அதிகம் இழுக்கும் கருவிக்கும், நாள் தவறாமல் கையில் இருக்கும் கருவிக்கும். டிஜிட்டல் மெகர், எர்த் டெஸ்டர், திரை வெளிச்சத்தோடு ராத்திரி முழுக்க ஓடும் டாங் டெஸ்டர் ஆகியவற்றுக்கு நிக்கல் செல் பொருத்தமானது. உள்தடை குறைவு என்பதால் மெகர் பட்டனை அழுத்தும்போது வேண்டிய கரண்ட்டைத் தளராமல் கொடுக்கும். நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். பேனா டெஸ்டருக்குப் புது ஆல்கலைன் செல் போடுங்கள். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் எடுக்கும் கருவி என்றால், சார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல் போடலாம். விலை அதிகம், ஆனால் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் சக்தி இழக்காது.

இனி கிரிவலப் பாதைக்கே உரிய ஒரு கஷ்டத்தைப் பார்ப்போம். அங்கே வேலை பௌர்ணமியைச் சுற்றி வருகிறது. இரண்டு மூன்று ராத்திரி மீட்டர் ஓயாமல் ஓடும்; பிறகு நான்கு வாரம் பையில் தூங்கும். பழைய வகை நிக்கல் செல்லுக்கு இது ஒத்துவராது. சும்மா கிடந்தாலே மாதத்துக்கு 20 முதல் 30 சதவீதம் இறங்கிவிடும். திருவண்ணாமலை வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். அடுத்த பௌர்ணமிக்கு எடுத்தால் பாதி செத்திருக்கும். 2005-ல் ஜப்பானின் சான்யோ கம்பெனி எனெலூப் என்ற பெயரில் கொண்டுவந்த புது வகை இந்தக் குறையைப் போக்கியது. ஓராண்டு கிடந்தாலும் முக்கால்வாசி சார்ஜ் நிற்கும். இப்போது பல கம்பெனிகள் அதே வகையைச் செய்கின்றன. அட்டையில் ‘ரெடி டு யூஸ்’ அல்லது ‘ப்ரீ-சார்ஜ்டு’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதிக மில்லி ஆம்பியர்-மணி எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மீட்டருக்கு 2000 சுமாருக்கு இருந்தால் தாராளம்.

சார்ஜ் போடும் நாளை மறக்காமல் இருக்க நம் ஊர்க் காலண்டரே போதும். வளர்பிறைப் பிரதோஷம் வருவது திரயோதசியில்; பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னே. அன்று மாலை செல்லை சார்ஜில் போடுங்கள். 2000 மில்லி ஆம்பியர்-மணி செல்லை 200 மில்லி ஆம்பியர் சார்ஜரில் போட்டால் 10 மணி நேரம் என்று கணக்கு வரும். சூடாக வீணாவதையும் சேர்த்தால் 14 மணி நேரம் ஆகும். மறுநாள் காலை பத்து மணிக்குள் தயார். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்தும் சார்ஜராக இருந்தால் நல்லது. மீட்டரில் போட்டு, ஒரு ராத்திரி ஒத்திகை பார்த்துவிட்டுப் பௌர்ணமி வேலைக்கு எடுத்துப் போகலாம். வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றித் தனி டப்பாவில் வையுங்கள். கார்த்திகை உற்சவத்துக்கு மட்டும் எடுக்கும் மெகரைக் கொடியேற்றத்தன்று திறந்து பாருங்கள். தீபம் முடிந்து வேலை ஓய்ந்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றுவதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பழுதென்று வரும் மீட்டர்களில் பலவற்றின் கதை ஒன்றுதான். சமீபத்தில் ஒரு வாசகர் கொண்டுவந்த டாங் டெஸ்டரின் பின்மூடியைத் திறந்தபோது, ஸ்பிரிங்கின் மேல் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. அடியில் செம்பு பச்சையாக அரித்திருந்தது. ஆல்கலைன் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றோடு சேர்ந்து இப்படி வெள்ளையாக உறையும். கையில் பட்டால் எரியும். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஈரத்துணி, அதன் பிறகு ஸ்பிரிட், கடைசியில் நன்றாகக் காயவிடுவது. அந்த டாங் டெஸ்டர் பிழைத்துக்கொண்டது. கசிவு ஒயர் வழியாக போர்டு வரை ஏறியிருந்தால் பிழைத்திருக்காது. நிக்கல் செல் இப்படிக் கசிவது மிகக் குறைவு. விலை உயர்ந்த மெகருக்கு நிக்கல் செல்லைப் பரிந்துரைக்க இதுவே பெரிய காரணம்.

சில எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பழைய செல்லையும் புது செல்லையும் கலக்காதீர்கள். தொடராக மாட்டிய செல்களில் ஒன்று முதலில் தீர்ந்தால், மற்றவை அதைத் தலைகீழாக சார்ஜ் செய்யத் தொடங்கும்; கெட்டுப்போவதும் கசிவதும் அப்படித்தான். நான்கு செல்லுக்கும் ஒரே எண் எழுதி, எப்போதும் ஒன்றாகவே போட்டு ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள்.

14500 என்று எண் போட்ட லித்தியம் செல் கடைகளில் கிடைக்கிறது. பார்க்க அச்சு அசல் டபுள் ஏ செல் போலவே இருக்கும். ஆனால் அது 3.7 வோல்ட். இரண்டு செல் மீட்டரில் போட்டால் 3 வோல்ட்டுக்குப் பதில் 7.4 வோல்ட் பாய்ந்து மீட்டர் கருகிவிடும். உள்ளேயே சுற்று வைத்து 1.5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் லித்தியம் செல்லும் இருக்கிறது. அது ஆபத்தில்லை, ஆனால் கடைசி நொடி வரை “முழு பேட்டரி” என்றே மீட்டரைக் காட்டவைக்கும். உள்சுற்றின் இரைச்சல் நுணுக்கமான மில்லிவோல்ட் ரீடிங்கையும் ஆட்டிப்பார்க்கும்.

பக்கவாட்டில் யு.எஸ்.பி. சார்ஜ் துளையோடு இப்போது மீட்டர்கள் வருகின்றன. சார்ஜரில் செருகியபடி லைன் பார்க்கவே கூடாது. 230 வோல்ட்டிலிருந்து உங்களைப் பிரித்து வைத்திருக்கும் காப்பு அந்தத் துளை வழியாக உடைந்துபோகலாம். அதேபோல, செல் மாற்றும் முன் இரண்டு ப்ரோபையும் மீட்டரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மூடி திறந்த மீட்டரால் லைனைத் தொட வேண்டாம்.

பைக் பெட்டியிலும் வேன் டேஷ்போர்டிலும் மீட்டரை வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூடு எல்லா செல்லுக்கும் பகை.

இவ்வளவு செய்த பிறகும், எந்த செல் போட்டிருந்தாலும், ஒரு பழக்கத்தை விடவே கூடாது. உலகமெங்கும் எலக்ட்ரீஷியன்களுக்குச் சொல்லித்தருவது அதைத்தான். கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பாயின்ட்டில் முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் லைனைப் பாருங்கள். அது ‘இல்லை’ என்று காட்டினால், மறுபடி அந்தத் தெரிந்த பாயின்ட்டுக்கே வந்து பாருங்கள். முதலிலும் கடைசியிலும் மீட்டர் உண்மை சொன்னால்தான் நடுவில் சொன்னதை நம்பலாம். அரை நிமிஷம் ஆகாது. ஆவோ மீட்டரில் குமிழ் செய்துவந்த காவலை இனி நம் கை செய்ய வேண்டும்.

தீர்ந்த செல் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பென்சில் செல் முதல் வண்டி பேட்டரி வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பவர்களுடையது. குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் செல்லின் மேல் இருந்தால், சாதாரணக் குப்பையில் போடக் கூடாது என்று பொருள். பழைய நிக்கல் காட்மியம் செல் இன்னும் சிலரிடம் இருக்கிறது. காட்மியம் கடும் விஷம். மலையைச் சுற்றியுள்ள குளங்களுக்கும் கிணறுகளுக்கும் அது போய்ச் சேரக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். ஒரு நிக்கல் செல் நூறு முறை சார்ஜ் ஏறினால் நூறு செல் குப்பைக்குப் போவதைத் தடுக்கிறது. மலையையே சுவாமியாகக் கும்பிடும் ஊரில் இதற்கு மேல் ஒரு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி அறிவியல் நமக்கு வெளியூர்ச் சரக்கும் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. 1948 ஜூலை 25-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்கள் ‘சிக்ரி’ என்று செல்லமாகச் சொல்லும் அந்த நிறுவனம் இன்றும் பேட்டரிகளை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்ய நினைக்கும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகள் நம் வாசகர்களின் வீடுகளில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, விழாக் குழுவினருக்கும் அன்னதானம் நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூ அலங்காரத்துக்கு உபயம் கிடைக்கிறது, சர்க்கரைப் பொங்கலுக்கு உபயம் கிடைக்கிறது, சீரியல் செட்டுக்கும் கிடைக்கிறது. லைன் இழுக்கும் வயர்மேனின் மீட்டருக்கு செல் மட்டும் அவருடைய தினக்கூலியில் இருந்து போகிறது. காசு பார்த்து அவர் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அந்த ஆபத்து அவரோடு நிற்காது. உங்கள் பந்தலில் கை நனைக்கும் குழந்தை வரை வரும். இந்தக் கார்த்திகைக்கு ஒரு சார்ஜரும், இரண்டு செட் நல்ல நிக்கல் செல்லும், பந்தலுக்கு ஒரு ஆர்.சி.சி.பி.யும் உபயமாகக் கொடுங்கள். ஒருமுறை கொடுத்தால் பல கார்த்திகைக்கு உழைக்கும். அன்னதானத்துக்குச் சற்றும் குறையாத புண்ணியம் அது.

வாசகர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். உங்கள் மீட்டர் எந்தக் கம்பெனி, எந்த மாடல், அதில் எந்த வகை செல் போட்டீர்கள், லோ-பேட்டரி அடையாளம் எப்போது வந்தது, ரீடிங் ஒத்துப்போனதா என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். வருகிற எல்லாவற்றையும் சேர்த்து, நம் ஊரில் புழங்கும் மீட்டர்களுக்கு ஏற்ற செல் எது என்று ஒரு பட்டியலாக வெளியிட நினைத்திருக்கிறோம். அடி அண்ணாமலை வாசகரே, முதல் அட்டை உங்களுடையதாக இருக்கட்டும்.

எல்லோருக்கும் தீபத் திருநாள் வாழ்த்துகள். பத்திரமாக வேலை செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்